ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு எதற்கு மலேரியா மாத்திரை?

கேள்வி:

டாக்டர், எங்கள் தெருவில் ஒருவருக்கு மலேரியா என்று தெரிந்ததும் சுகாதாரப் பணியாளர்கள் சுற்றியுள்ள வீடுகளில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அங்கேயே கிட்டில் பார்த்து, எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை என்றார்கள். பத்து நாள் கழித்து மறுபடி வந்து, ஆய்வகத்தில் செய்த பிசிஆர் பரிசோதனையில் என் 11 வயது மகனுக்கு பால்சிபேரம் என்ற வகை மலேரியா இருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவனுக்குக் காய்ச்சல் வந்தே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நன்றாகச் சாப்பிடுகிறான், விளையாடுகிறான். "ஓடி விளையாடுற பிள்ளைக்கு எதுக்கு மாத்திரை? சின்ன வயசுல வந்து வந்து உடம்புக்குப் பழகிடுச்சு, தானாப் போயிடும்" என்கிறார் என் மாமியார். இதற்கிடையில், "உங்க பையன்கிட்டேருந்துதான் வந்திருக்கு" என்று தெருவில் பேச்சு. கிட் பொய்யா, பிசிஆர் பொய்யா? காய்ச்சலே இல்லாத, அதுவும் இவ்வளவு குறைவாகக் கிருமி இருக்கிற பிள்ளையால் மற்றவருக்குப் பரவுமா? வீட்டில் என் நாத்தனார் ஐந்து மாதக் கர்ப்பிணி. அதனால்தான் பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கையில் கிடைக்கும்போது மாத்திரை இன்னும் பெட்டியிலேயே இருந்தால், முதலில் அதைக் கொடுக்கத் தொடங்குங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம். உங்கள் மகன் நோயாளியாகப் படுத்திருக்கவில்லை என்பது உண்மை. அவன் உடம்பில் மலேரியாக் கிருமி இருக்கிறது என்பதும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் உங்கள் கேள்வி. இது நன்றாகப் படித்தவர்களையும் குழப்புகிற விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிட்டும் பொய் சொல்லவில்லை, பிசிஆரும் பொய் சொல்லவில்லை. விரல் நுனியில் குத்தி எடுத்து கிட்டில் விடுகிற ரத்தம் வழக்கமாக 5 மைக்ரோலிட்டர்தான், ஒரு முழுச் சொட்டுகூட இல்லை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 100 முதல் 200 கிருமிகளாவது இருந்தால்தான் கிட்டில் கோடு நம்பும்படி விழும். ஸ்லைடு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பவர், வழக்கமான வேலைச் சூழலில், 50 முதல் 100 வரை இருந்தால் கண்டுபிடிப்பார். கை தேர்ந்தவர் இன்னும் குறைவாக இருந்தாலும் பிடித்துவிடுவார். பிசிஆர் கிருமியின் மரபணுவையே பலமடங்கு பெருக்கித் தேடுவதால், ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்று, அதற்கும் கீழே என்றாலும் காட்டிக்கொடுக்கும்.

இதை உங்கள் மகனின் கணக்காகப் போட்டுப் பாருங்கள். 11 வயதுப் பிள்ளை உடம்பில் ரத்தம் சுமார் இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது 20 லட்சம் மைக்ரோலிட்டர். ஒவ்வொன்றிலும் 50 கிருமி இருந்தால் மொத்தம் 10 கோடி. அந்தப் 10 கோடியையும் வைத்துக்கொண்டு அவன் பந்து விளையாடுவான், கிட் "இல்லை" என்று சொல்லும். "குறைவான கிருமி" என்று நாங்கள் சொல்வது பரிசோதனைக் கருவியின் கண்ணுக்குக் குறைவு என்ற பொருளில்தான். உடம்பிலும் குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, 10 கோடி கிருமி இருந்தும் காய்ச்சல் ஏன் இல்லை?

மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகி, சுமார் 48 மணி நேரத்தில் அதை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஒரே நேரத்தில் ஏராளமான அணுக்கள் உடையும்போது ரத்தத்தில் கலக்கிற கழிவுதான் குளிர் காய்ச்சலைக் கிளப்புகிறது. உடைகிற எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டாதவரை காய்ச்சல் வராது. பலமுறை மலேரியா வந்து போனவர்களின் உடம்பு கிருமியை அடியோடு ஒழிக்கக் கற்றுக்கொள்வதில்லை. அந்த அளவுக்குக் கீழே அடக்கி வைக்கத்தான் கற்றுக்கொள்கிறது. உங்கள் மாமியார் "பழகிடுச்சு" என்று சொன்னாரே, அந்தச் சொல்லில் பாதி உண்மை இருக்கிறது, அவரைக் குறை சொல்லாதீர்கள். பெரிய ஆய்வாளர்களும் அதையேதான் வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள். மறுபாதி என்னவென்றால், அந்தப் பழக்கம் உங்கள் மகனின் உடம்புக்கு மட்டும்தான். அவனைக் கடிக்கிற கொசுவுக்கும், அந்தக் கொசு அடுத்துக் கடிக்கிற பச்சைக் குழந்தைக்கும் அது பொருந்தாது.

இனி பரவுவதைப் பற்றி. காய்ச்சலைத் தருகிற கிருமி வடிவம் வேறு, கொசுவுக்குப் போகிற வடிவம் வேறு. இது பலருக்குத் தெரியாது. சிவப்பணுக்களில் பெருகுகிற கிருமிகளில் ஒரு சிறு பங்கு, மேற்கொண்டு பெருகாமல் ஆண், பெண் வடிவங்களாக மாறுகிறது. இவற்றைக் கேமிட்டோசைட் என்பார்கள். கேமிட்டோசைட் காய்ச்சலைக் கிளப்புவதில்லை. ஆனால் கொசுவின் வயிற்றில் இணைசேர்ந்து அடுத்த தலைமுறையை உண்டாக்க அதனால் மட்டும்தான் முடியும். பெண் அனோபிலஸ் கொசு ஒரு தடவைக்கு 2, 3 மைக்ரோலிட்டர் ரத்தம் குடிக்கும். அந்தத் துளியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அகப்பட்டாலே போதும், தொற்று தொடங்கிவிடலாம். அப்புறம் வெப்பநிலையைப் பொறுத்து 10 நாள், இரண்டு வாரம் போல் கொசுவுக்குள் வளர்ந்து, அதன் எச்சிலுக்கு வந்து சேரும். அன்று முதல் அந்தக் கொசு உயிரோடு இருக்கும்வரை கடிக்கிற ஒவ்வொருவருக்கும் கொடுக்கக்கூடும்.

இதில் காலக்கணக்கு மிக முக்கியம். உங்கள் மகனுக்கு வந்திருக்கிற பால்சிபேரத்தின் கேமிட்டோசைட் முதிர 10 முதல் 12 நாள் ஆகும். அதுவரை பெரும்பாலும் எலும்பு மஜ்ஜைக்குள் ஒளிந்திருக்கும். காய்ச்சல் வந்தவர் என்ன செய்கிறார்? இரண்டு மூன்று நாளில் மருத்துவரிடம் போகிறார், மாத்திரை சாப்பிடுகிறார், கிருமி சாகிறது. கொசுவுக்குக் கொடுக்க முதிர்ந்த கேமிட்டோசைட் ரத்தத்துக்கு வருவதற்குள்ளேயே பல சமயம் கதை முடிந்துவிடுகிறது. காய்ச்சல் இல்லாதவரோ எங்கும் போவதில்லை. அவர் உடம்பில் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கும் மேலாக, கிருமி மெதுவாகப் பெருகி, கேமிட்டோசைட்டை விட்டு விட்டு ரத்தத்தில் இறக்கிக்கொண்டே இருக்கும். ஒரு நாளில், ஒரு கடியில் பார்த்தால் இவரிடமிருந்து கொசுவுக்குத் தொற்றும் வாய்ப்பு குறைவுதான். அந்தச் சிறிய வாய்ப்பு எத்தனை இரவுகள் திரும்பத் திரும்ப வருகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியாவில் கணக்கு மாறும். அதன் கேமிட்டோசைட் ஆரம்பத்திலேயே, காய்ச்சலுக்கு முன்பேகூட வந்துவிடும். போதாததற்கு ஈரலில் உறங்கிக் கிடக்கிற ஒரு வடிவமும் உண்டு. அதற்கு மருந்தும் வேறு முறை. உங்கள் மகனுக்கு அது இல்லை என்பதால் அதற்குள் போகவில்லை.

காய்ச்சல் இல்லாதவர்களால் எவ்வளவு பரவுகிறது என்பதை நேரடியாக அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆட்களின் ரத்தத்தை மெல்லிய சவ்வு வழியாக ஆய்வகக் கொசுக்களுக்குக் குடிக்கக் கொடுத்து, சில நாள் கழித்துக் கொசுவின் வயிற்றைப் பிரித்துப் பார்ப்பது அந்த முறை. கிழக்கு உகாண்டாவில், மலேரியாவை நன்றாகக் கட்டுப்படுத்தியிருந்த ஒரு பகுதியில் இப்படிச் செய்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. அங்கே கொசுக்களுக்குப் போன தொற்றில் காய்ச்சலோடு வந்தவர்களின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஐந்தில் நான்குக்கு மேல், காய்ச்சல் இல்லாமல் நுண்ணோக்கியில் தெரியும் அளவுக்குக் கிருமி வைத்திருந்தவர்களிடமிருந்து போயிருந்தது. நுண்ணோக்கிக்கும் எட்டாதவர்களின் பங்கு சுமார் ஆறில் ஒன்று. வயது வாரியாகப் பார்த்தால் பாதிக்கும் மேல் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகள். அதாவது, நோயில் படுக்கிற வயதைத் தாண்டியும் கிருமியை விடாத வயது. உங்கள் மகனின் வயது.

இந்த எண்களை வைத்து ஒரு முடிவுக்கு அவசரப்பட வேண்டாம். மிகக் குறைந்த கிருமி உள்ள ஒருவர், நிறைய உள்ளவரைவிடக் குறைவாகத்தான் பரப்புவார். மலேரியா நிறைய இருக்கிற இடங்களில் இவர்களின் பங்கு சிறியதாகவே தெரியும். மலேரியா குறைந்துகொண்டே வரும்போதுதான் நிலைமை மாறுகிறது. அப்படிப்பட்ட இடங்களில் தொற்று உள்ளவர்களில் பெரும்பாலோர் நுண்ணோக்கிக்குத் தெரியாதவர்களாகவே இருப்பார்கள். பரவல் மிகக் குறைந்த நிலையில், மனிதரிடமிருந்து கொசுவுக்குப் போகிற தொற்றில் 20 முதல் 50 சதவீதம் வரை இவர்களிடமிருந்து வரலாம் என்பது பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் போட்ட ஒரு மதிப்பீடு. அதனால்தான் ஒரே ஒருவருக்கு நோய் வந்ததற்கு உங்கள் தெரு முழுவதும் ரத்தம் எடுத்தார்கள். நோய் ஓய்ந்துகொண்டிருக்கிற இடத்தில் அதை மறுபடி பற்றவைக்கக்கூடிய பொறி எங்கே இருக்கிறது என்று தேடியிருக்கிறார்கள். நல்ல வேலை செய்திருக்கிறார்கள், அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மாலி நாட்டில் கண்ட ஒரு விஷயத்தையும் சொல்லத் தோன்றுகிறது. அங்கே வருடத்தில் பாதி மழை இல்லாத காலம். கொசு இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் அடுத்த மழை வந்ததும் மலேரியா திரும்பிவிடுகிறது. இடைப்பட்ட ஆறு மாதம் கிருமி எங்கே இருந்தது? காய்ச்சல் இல்லாத மனிதர்களின் ரத்தத்தில்தான். சாதாரணமாக வளர்ந்த பால்சிபேரம் கிருமி உள்ள சிவப்பணு, ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு மண்ணீரலின் வடிகட்டலிலிருந்து தப்பிக்கும். வறண்ட காலத்தில் அது அவ்வளவாக ஒட்டாமல் ரத்தத்தோடு அதிக நேரம் சுற்றுகிறது. அதில் பெரும்பகுதியை மண்ணீரல் அழித்துவிடுகிறது. எண்ணிக்கை குறைவாகவே நிற்கிறது. காய்ச்சல் வராததால் ஆளும் மருந்து சாப்பிடுவதில்லை, கிருமியும் மழைவரை பிழைத்துக்கிடக்கிறது. 2020இல் வெளிவந்த இந்த ஆய்வைப் படித்த அன்று நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

காரணம், இதே பாடத்தை எனக்கு ஒரு ஆய்வக உதவியாளர் வெகுகாலத்துக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. காய்ச்சல் வரிசையில் நிற்பவர்களுக்கு மட்டும் ரத்தம் எடுத்து, மருந்து கொடுத்து, எண்ணிக்கை குறைந்ததும் நிம்மதியாகிவிடுவேன். மழை வந்ததும் அதே குடியிருப்பில் மறுபடி தொடங்கும். அவர் ஒரு நாள் என்னிடம், "நோயாளியைக் கூட்டிட்டு வந்தவங்களுக்கும் ஒரு ஸ்லைடு எடுத்துப் பார்க்கலாமே டாக்டர்" என்றார். எடுத்தோம். காய்ச்சல் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்திருந்த ஒரு திடகாத்திரமான தகப்பனின் ஸ்லைடில், பிறை நிலா மாதிரி வளைந்த கேமிட்டோசைட் அழகாகத் தெரிந்தது. அன்றிலிருந்து "காய்ச்சல் இருக்கிறதா" என்ற கேள்வியோடு நான் நிறுத்திக்கொண்டதில்லை. 1900 வாக்கிலேயே ஜெர்மன் கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக் நியூ கினியில் காய்ச்சல் இல்லாதவர்களின் ரத்தத்தையும் பார்த்து, கிருமி இருந்தவர்களுக்குக் குயினைன் கொடுத்திருக்கிறார் என்பதைப் பிற்பாடுதான் படித்தேன்.

தெருப் பேச்சுக்கு வருகிறேன். "உங்க பையன்கிட்டேருந்துதான்" என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் நோய் தெரிந்த அந்தத் தெருக்காரரைக் கடித்த கொசு, அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாளாவது முன்பு வேறு யாரையோ கடித்திருக்க வேண்டும். அந்தத் தெருக்காரரிடமிருந்தே உங்கள் மகனுக்கு வந்திருக்கலாம். இருவருக்குமே மூன்றாவது ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம். பரிசோதனையில் அகப்பட்டவன் உங்கள் மகன், அவ்வளவுதான். அகப்படாதவர்கள் அந்தத் தெருவில் இன்னும் இருக்கலாம். இந்தப் பழிச்சொல் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. ஒரு பிள்ளையை இப்படிச் சுட்டிக்காட்டினால் அடுத்த முறை ரத்தம் எடுக்க வரும்போது பத்து வீடு கதவைச் சாத்திக்கொள்ளும். அவனோடு விளையாடுவதாலோ, சேர்ந்து சாப்பிடுவதாலோ, ஒரே பாயில் படுப்பதாலோ மலேரியா ஒட்டாது. பள்ளிக்கூடத்துக்கும் தாராளமாக அனுப்புங்கள்.

"தானாப் போயிடும்" என்பதும் ஒரு நாள் நடக்கலாம். ஆனால் அது வரைக்கும் அவன் உடம்பு சும்மா இருப்பதில்லை. காய்ச்சல் இல்லாவிட்டாலும் சிவப்பணுக்கள் உடைந்துகொண்டேதான் இருக்கின்றன. இப்படி மாதக்கணக்கில் கிருமியோடு இருக்கிற பிள்ளைகளிடம் ரத்தசோகை சகஜம். பாடத்தில் கவனம் குறைவது, சோர்வு எல்லாவற்றையும் நாம் "பையன் கொஞ்சம் மந்தம்" என்று கடந்துவிடுகிறோம். ஒரு தடவை ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். மலேரியா மிக அதிகமாக உள்ள இடங்களில், காய்ச்சல் இல்லாதவருக்கு மருந்து கொடுத்தால் அவர் பெற்ற எதிர்ப்புச் சக்தி குறையுமா என்று மருத்துவர்களிடையே விவாதம் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கிருமி இருப்பது தெரிந்துவிட்ட ஒரு பிள்ளைக்கு மருந்து கொடுக்காமல் விடுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு, சொன்ன நாள்வரை முழுமையாகக் கொடுங்கள். ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து மூன்று நாள் கொடுப்பார்கள். அது காய்ச்சல் தரும் வடிவத்தை வேகமாக அழிக்கும். முதிர்ந்த கேமிட்டோசைட்டை அது முழுதாக விரட்டாது என்பதால், பிரைமாகுயின் ஒரே ஒரு வேளை, குறைந்த அளவில் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். அந்த ஒரு வேளை மாத்திரை முழுக்க முழுக்க மற்றவர்களுக்காகச் சாப்பிடுகிற மாத்திரை. உங்களிடம் தந்த பொட்டலத்தில் அது இருக்கிறதா என்று பணியாளரிடம் கேளுங்கள், இல்லையென்றால் ஏன் இல்லை என்றும் கேளுங்கள். விழுங்கிய கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்துவிட்டால் அவரிடம் சொல்லி அந்த வேளையை மறுபடி கொடுக்க வேண்டும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் உடனே மருத்துவரிடம் போங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரம் அவன் இரவில் கொசுவலைக்குள் தூங்கட்டும். ரத்தத்தில் மிச்சமிருக்கிற கேமிட்டோசைட்டைக் கொசு கொண்டுபோகாமல் அது தடுக்கும்.

உங்கள் நாத்தனாரைப் பற்றித்தான் எனக்கு அதிக அக்கறை. கர்ப்ப காலத்தில் பால்சிபேரம் கிருமி நஞ்சுக்கொடியில் போய்த் தங்கிவிடும். தாய்க்குக் காய்ச்சல் இருக்காது, விரல் ரத்தத்தில் எடுத்த கிட்டிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆனால் தாய்க்கு ரத்தசோகையும், குழந்தைக்கு எடைக் குறைவும் வரக்கூடும். வீட்டில் கிட் "இல்லை" என்று காட்டியதை அவருடைய விஷயத்தில் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருடைய ரத்த மாதிரியிலும் பிசிஆர் செய்தார்களா, முடிவு என்ன என்று விசாரியுங்கள். கர்ப்பப் பரிசோதனைக்குப் போகும் இடத்தில், வீட்டில் ஒரு பிள்ளைக்கு மலேரியா கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த தேதிவரை காத்திருக்காமல் இந்த வாரமே போவது நல்லது. முன்னெச்சரிக்கையாக இருக்கட்டும் என்று உங்கள் மகனின் மாத்திரையில் ஒன்றைக்கூட அவருக்குக் கொடுத்துவிடாதீர்கள், பிரைமாகுயின் கர்ப்பிணிகளுக்குக் கூடாது. மருத்துவர் பார்த்து, மாதத்துக்கு ஏற்ற மருந்தைத் தருவார். வீட்டில் இருப்பது ஒரே ஒரு கொசுவலைதான் என்றால் அதை முதலில் அவருக்குக் கொடுங்கள். மகனுக்கு இன்னொன்றைச் சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் யாராவது ரத்ததானம் செய்கிறவர்களாக இருந்தால், இந்த விவரத்தை ரத்த வங்கியில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு கிருமியும் ஊசி வழியாக நேராக இன்னொருவர் ரத்தத்தில் கலந்தால் போதும், அவருக்கு முழு மலேரியாவாக வந்துவிடும்.

உங்களில் யாருக்கு இனிக் காய்ச்சல் வந்தாலும், மகனுக்கே வந்தாலும், "அதுதான் மாத்திரை சாப்பிட்டாயிற்றே", "அதுதான் கிட்டில் இல்லையே" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே போய் ரத்தம் கொடுங்கள். போகும்போது இந்தப் பிசிஆர் சீட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.